யாரைக் கூப்பிடுவது?

சென்னையில் ஒரு தெருமுனையில் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மழைத் தண்ணீர் என்றால் அது மாநகராட்சியின் மழைநீர் வடிகால் துறைக்குப் போக வேண்டிய புகார். சாக்கடை பொங்கி வழிந்தது என்றால் 'மெட்ரோ வாட்டர்' எனப்படும் சென்னைக் குடிநீர் வாரியம். குடிநீர்க் குழாய் உடைந்திருந்தாலும் அதே வாரியம்தான். தேங்கிய தண்ணீர் சாலையை அரித்துப் பள்ளமாக்கிவிட்டதா? அண்ணா சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறை. பஸ் ஓடும் மாநகராட்சிச் சாலை என்றால் தலைமையகத்தில் இருக்கும் பேருந்துத் தடச் சாலைகள் துறை. உட்தெரு என்றால் மண்டல அலுவலகம். மெட்ரோ ரயில் வேலைக்குத் தகரம் அடித்து மறைத்த இடம் என்றால் அந்த நிறுவனத்தையும் கேட்க வேண்டும். பக்கத்தில் மின்பெட்டி இருந்து தண்ணீர் அதைத் தொட்டுவிட்டால் முதலில் மின்வாரியம், மற்றதெல்லாம் பிறகு. ஒரே குட்டைத் தண்ணீர்தான். தட்ட வேண்டிய கதவு எது என்பதைத் தண்ணீரின் நிறத்தையும் நாற்றத்தையும் பார்த்துக் குடிமகன்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

அரசு அலுவலகத் தொலைபேசி எண் கிடைக்கவில்லை என்று ஒருவர் அலுத்துக்கொள்ளும்போது உண்மையில் இல்லாமல் போவது பெரும்பாலும் எண் அல்ல. எண்கள் வேண்டிய மட்டும் இருக்கின்றன; இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. எந்த வேலை யாருடையது, அவருடைய எல்லை எங்கே முடிகிறது என்ற விவரம்தான் ஓரிடத்தில் ஒழுங்காகக் கிடைப்பதில்லை. இந்தக் கட்டுரை சென்னையை முன்வைத்து அந்தக் குறையைப் பார்க்கிறது. மற்ற ஊர்களுக்கும் இதில் பாதி பொருந்தும். மீதி ஏன் பொருந்தாது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு காலத்தில் இதற்கெல்லாம் தலையணை கனத்தில் ஒரு புத்தகம் இருந்தது. தொலைபேசித் துறை அச்சிட்டுக் கொடுத்த டைரக்டரியில் அரசு அலுவலகங்களுக்குத் தனிப் பக்கங்கள் உண்டு. புத்தகம் இல்லாதவர்கள் 197-ஐச் சுழற்றிக் கேட்டார்கள். எதிர்முனையில் ஒருவர் எண்ணைச் சொல்வார். சமயத்தில் தப்பாகவும் சொல்வார். ஆனால் அலுவலகத்தின் பெயர் தெரிந்தால் போதும், ஓர் எண் வந்துவிடும். 2000-களின் தொடக்கத்தில் சென்னையின் தரைவழி எண்களுக்கு முன்னால் ஒரு 2 சேர்ந்து ஏழு இலக்கம் எட்டானது. அந்த மாற்றம் ஏறாத பெயர்ப்பலகைகளை அதன்பின் பல வருடங்கள் பார்க்க முடிந்தது. பிறகு கைப்பேசி பரவியது, டைரக்டரி நின்றது. அதன் இடத்தை நிரப்ப எந்தத் துறைக்கும் பொறுப்பு தரப்படவில்லை. ஒவ்வொரு துறையும் தனக்கென்று ஓர் இணையதளம், ஒரு செயலி, ஒரு குறு எண் என்று அமைத்துக்கொண்டது.

அந்தக் குறு எண்களைத்தான் இன்று நாம் அதிகம் நம்பியிருக்கிறோம். குப்பை, தெருவிளக்கு, கொசு, தெருநாய், மழைநீர் வடிகால், விழுந்த மரம் எல்லாவற்றுக்கும் பெருநகர சென்னை மாநகராட்சியின் 1913. (மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் மாளிகை திறக்கப்பட்ட ஆண்டும் 1913 என்பதால் மறக்காமல் வைத்துக்கொள்ளலாம்.) குடிநீர், கழிவுநீருக்கு 1916, அல்லது 044 4567 4567. மின்சாரத்துக்கு 2021-ல் தொடங்கிய மின்னகம் என்ற அழைப்பு மையத்தின் 94987 94987. ஆம்புலன்சுக்கு 108, குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, ரேஷனுக்கு 1967, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, இணையப் பண மோசடிக்கு 1930. காவல், தீயணைப்பு, மருத்துவம் மூன்றுக்கும் சேர்த்து நாடு முழுக்க 112.

இவற்றில் 108-ஐ மட்டும் தனியாகப் பாராட்ட வேண்டும். 2008-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய சேவை. இன்று எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அந்த எண் மனப்பாடம். வண்டியின் பெயரே நூற்றியெட்டு ஆகிவிட்டது. காரணம் எளிது. அழைப்பவர் எந்த மாவட்டம், எந்த மருத்துவமனை, எந்தத் துறை என்று எதையும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. எங்கே இருக்கிறோம், என்ன ஆயிற்று என்று சொன்னால் போதும். மற்றதைப் பார்த்துக்கொள்வது அவர்கள் வேலை. மாநகரச் சேவைகளில் இந்த வசதி இன்னும் வரவில்லை.

அமெரிக்காவில் 1996-ல் பால்டிமோர் நகரம் இதற்கு ஒரு வழி கண்டது. அவசரமில்லாத அழைப்புகளுக்கு 311 என்று தனி எண். 2003-ல் நியூயார்க் அதே எண்ணை எடுத்துக்கொண்டு நகர நிர்வாகத்தின் எல்லாத் துறைகளையும் அதன் பின்னால் நிறுத்தியது. அழைப்பவருக்குத் துறையின் பெயர் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. நம்மிடம் அதற்குக் கிட்டத்தில் வருவது 1100. 2016-ல் அம்மா அழைப்பு மையம் என்ற பெயரில் வந்தது. 2021-ல் ஆட்சி மாறிய பிறகு முதல்வரின் முகவரித் துறையின் கீழ் போனது. பெயர் மாறியும் எண் மாறாமல் விட்டது நல்ல காரியம். ஆனால் 1100 மாநிலம் முழுமைக்குமான மனுக்களுக்கு. முதியோர் உதவித்தொகை வரவில்லை, பட்டா மாறவில்லை போன்றவற்றுக்குப் பொருத்தமானது. இன்று மாலைக்குள் மூட வேண்டிய சாக்கடை மூடிக்கு அது சுற்றுவழி.

சரி, எந்தத் துறை என்று தெரிந்துவிட்டது. அதில் எந்த அலுவலகம்? இங்கேதான் எல்லைகள் காலை வாரிவிடும்.

அம்பத்தூரை எடுத்துக்கொள்வோம். 2011 வரை அது தனி நகராட்சி. அந்த ஆண்டு சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது, 15 மண்டலங்களில் ஏழாவதாக அம்பத்தூர் உள்ளே வந்தது. ஆனால் வருவாய்த் துறைக் கணக்கில் அது அப்போதும் திருவள்ளூர் மாவட்டம். வரி கட்டுவது சென்னைக்கு, ஆட்சியர் திருவள்ளூரில் என்று ஏழு வருடம் ஓடியது. 2018-ல்தான் தாலுகா சென்னை மாவட்டத்தில் சேர்ந்தது. அத்தோடு முடிந்ததா? 2022 ஜனவரியில் சென்னைப் பெருநகரக் காவல் மூன்றாகப் பிரிந்தபோது அம்பத்தூர் ஆவடி காவல் ஆணையரகத்துக்குப் போனது. நாடாளுமன்றத் தொகுதியோ ஸ்ரீபெரும்புதூர். ஆக, அம்பத்தூர்க்காரர் ஒருவருக்கு மேயர் ரிப்பன் மாளிகையில், காவல் ஆணையர் ஆவடியில், எம்.பி. ஸ்ரீபெரும்புதூரில். இணையத்தில் தேடினால் இந்த எல்லாக் காலகட்டத்துப் பட்டியல்களும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நிற்கும். நகராட்சி காலத்து எண்ணுக்கும் இன்றைய எண்ணுக்கும் வித்தியாசம் காட்டத் தேடுபொறிக்குத் தெரியாது.

பழைய சென்னைக்குள் இருப்பவர்களும் தப்பவில்லை. முன்பிருந்த 155 வட்டங்களை, அதாவது வார்டுகளை, சுருக்கி 107 ஆக்கி, புதிதாகச் சேர்ந்த பகுதிகளுக்கு 93 கொடுத்து, மொத்தம் 200 என்று ஆக்கியபோது மயிலாப்பூர், திருவல்லிக்கேணிக்காரர்களின் வட்ட எண்ணும் மாறிப்போனது. பழைய எண்ணைச் சொல்லிப் புகார் கொடுத்தால் அது நகரத்தின் வேறு மூலைக்குப் போய்ச் சேரும். பின்கோடை வைத்துத் தேடுகிறவர்களும் உண்டு. அது தபால்காரருக்கான எல்லை. வட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இதற்கு ஒரு கைவைத்தியம் சொல்லலாம். மின்சாரத்தைப் பொறுத்தவரை உங்கள் பிரிவு அலுவலகம் எது என்பது உங்கள் மின் இணைப்பு எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. முதல் இரண்டு இலக்கம் மின்வாரிய மண்டலம். அடுத்த மூன்று, பிரிவு அலுவலகம். அதற்கடுத்த மூன்று, பகிர்மானம். கடைசியில் வருவதுதான் உங்கள் வீட்டு இணைப்பு. மின்னகத்துக்கு அழைத்ததும் அவர்கள் அந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள். அதைச் சொல்லிவிட்டால் தெருப்பெயர், அடையாளக் கட்டடம் என்று இழுக்க வேண்டியதில்லை. மின் அளவைக் குறிக்கும் பழைய வெள்ளை அட்டையைத் தூக்கிப் போட்டவர்கள் மின் கட்டண ரசீதிலிருந்து எடுத்துக் கைப்பேசியில் சேமித்து வைக்கலாம். தெருவிளக்குக்கும் அப்படித்தான். கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைச் சொல்லிக் கொடுத்த புகாரும், 'பிள்ளையார் கோயில் பக்கத்து விளக்கு' என்று கொடுத்த புகாரும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை.

தண்ணீர் விஷயத்தில் மூடியைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். சாலை நடுவே வட்டமான மூடி என்றால் பெரும்பாலும் குடிநீர் வாரியத்தின் பாதாளச் சாக்கடை. சாலையோரம் வரிசையாகச் சதுரக் காங்கிரீட் பலகைகள் என்றால் மாநகராட்சியின் மழைநீர் வடிகால். மழைநீர் வடிகாலில் யாரோ கழிவுநீரைத் திருட்டுத்தனமாக இணைத்திருந்தால் மட்டும் இந்தக் கணக்கு உதைக்கும். அப்போது இரண்டு அலுவலகமும் மற்றதைக் கைகாட்டும். அந்த இடத்தில் இரண்டு இடத்திலும் புகார் எண் வாங்கி வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

குறு எண்கள் புகாரைப் பதிவு செய்யும். வேலையைச் செய்வது வட்டத்துப் பொறியாளர். 'ஏ.இ.' என்று நகரமே சொல்லும் உதவிப் பொறியாளர்தான் அந்தப் பகுதிக்கு அரசாங்கம். ஒவ்வொரு வட்டத்திலும் மாநகராட்சிக்கு ஒருவர். குடிநீர் வாரியத்துக்கு ஒரு பணிமனை, அதாவது மக்கள் சொல்லும் 'டிப்போ'. மின்வாரியத்துக்கு அந்தப் பகுதியின் பிரிவு அலுவலகம். இவர்களுக்கு அரசு கொடுத்திருக்கும் கைப்பேசி எண்கள் ஆளோடு போகாதவை, நாற்காலியோடு இருப்பவை. அதிகாரி மாறினால் சிம் கார்டை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மாநகராட்சி எண்கள் பெரும்பாலும் 94451 90 என்று தொடங்கும். குடிநீர் வாரியத்துடையவை 81449 30 என்று. பட்டியலில் இப்படித் தொடங்கும் எண்ணும் அதிகாரியின் சொந்த எண்ணும் இரண்டும் இருந்தால் நாற்காலி எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். இடமாற்றத்துக்குப் பிறகும் அது உயிரோடு இருக்கும். சொந்த எண்ணில் அழைத்தால், மூன்று வருடத்துக்கு முன் வேறு ஊருக்கு மாறிப்போன ஒரு மனிதரின் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைக் கெடுத்ததுதான் மிச்சம்.

மேலே போகும் படிக்கட்டும் தெரிந்திருக்க வேண்டும். உதவிப் பொறியாளருக்கு மேல் உதவிச் செயற்பொறியாளர், அவருக்கு மேல் செயற்பொறியாளர், மண்டலத்துக்கு மண்டல அலுவலர், அவருக்கு மேல் வடக்கு, மத்தியம், தெற்கு என்று மூன்று வட்டாரத் துணை ஆணையர்கள். நேராக ஆணையருக்கே எழுதுகிறவர்கள் நிறைய; அந்தக் கடிதமும் கடைசியில் அதே உதவிப் பொறியாளரின் மேசைக்குத்தான் வந்து சேரும்.

இந்தப் பட்டியல்கள் எல்லாம் எங்கே கிடைக்கின்றன? மாநகராட்சி, குடிநீர் வாரியம், மின்வாரியம் மூன்றின் தளங்களிலும் அதிகாரிகளின் எண்கள் இருக்கின்றன. மாவட்ட நிர்வாகத் தளங்களில் 'யார் யார்' என்று ஒரு பக்கமே உண்டு. இருக்கின்றன என்பது வரைக்கும் சரி. பயன்படும்படி இருக்கின்றனவா என்பது வேறு விஷயம். பல பட்டியல்கள் தாளில் அச்சடித்து, கையெழுத்து வாங்கி, ஸ்கேன் செய்து ஏற்றிய பி.டி.எஃப். கோப்புகள். அதில் உங்கள் தெருப்பெயரைத் தேட முடியாது. கண்ணால் வரி வரியாகப் பார்க்க வேண்டும். தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் தலைப்பு மட்டும் தமிழில், உள்ளே ஆங்கிலம். பதவிகளோ சுருக்கெழுத்தில்: ஏ.இ., ஏ.இ.இ., இ.இ., எஸ்.இ. உள்ளே வேலை பார்ப்பவருக்குப் புரிகிற மொழி அது. பட்டியலின் மேல் தேதி இருப்பதும் அபூர்வம். எந்த ஆண்டின் பட்டியல் என்று தெரியாத தொலைபேசிப் பட்டியலால் என்ன பயன்?

அரசாங்கத்தின் பக்கம் இப்படி இருக்க, மக்கள் கூகுளுக்குப் போகிறார்கள். அங்கே வேறு ஆபத்து காத்திருக்கிறது. வரைபடத்தில் ஓர் அலுவலகத்தின் பெயருக்குக் கீழே யார் வேண்டுமானாலும் எண்ணைத் திருத்தச் சொல்லி அனுப்பலாம். வாடிக்கையாளர் சேவை எண் என்று போலி எண்ணைப் போட்டு, அழைப்பவரிடம் செயலி ஒன்றை இறக்கச் சொல்லி, வங்கிக் கணக்கைத் துடைத்துவிடும் கூட்டம் நாடு முழுக்க இருக்கிறது. 'இன்றிரவு உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணை அழைக்கவும்' என்று வந்த குறுஞ்செய்தியை நம்பிப் பணம் இழந்தவர்கள் தமிழ்நாட்டிலும் உண்டு. மின்வாரியமும் காவல்துறையும் பலமுறை எச்சரித்தும் ஓயவில்லை. இதற்கு ஒரே கட்டுத்திட்டம்தான்: முகவரி 'கவ் டாட் இன்' என்று முடியும் தளத்தில் இருக்கும் எண்ணை மட்டும் நம்புவது. அந்தப் பின்னொட்டு அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே கொடுக்கப்படுகிறது. உண்மையான அலுவலகம் எதுவும் ஓ.டி.பி. கேட்காது. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930.

எண்ணை ஒழுங்காக வைக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லையா என்றால், நன்றாகவே இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் கட்டணம் ஒட்டிக் கேள்வி கேட்கும் சட்டமாகத்தான் அதை நாம் அறிவோம். அதன் 4-வது பிரிவு கேட்காமலே கொடுக்கச் சொல்கிறது. 4(1)(பி)-யில் ஒவ்வொரு பொது அமைப்பும் தானாக வெளியிட வேண்டிய 17 வகைத் தகவல்கள் வரிசையாக இருக்கின்றன. அமைப்பின் பணிகள், அதிகாரிகளின் அதிகாரங்களும் கடமைகளும், அலுவலர்கள் ஊழியர்களின் விவரத் தொகுப்பு, பொதுத் தகவல் அலுவலரின் பெயரும் பதவியும் எல்லாம் அதில் அடக்கம். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்றும், உள்ளூர் மொழியைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. தேதியில்லாத ஆங்கில பி.டி.எஃப். வெறும் அசட்டை என்று விட்டுவிடக்கூடிய விஷயம் அல்ல. அது சட்டம் சொன்னதைச் செய்யாதது.

அதே சட்டத்தில் 6(3) என்று ஒரு சிறிய உட்பிரிவு இருக்கிறது. என்னைக் கேட்டால் முழுச் சட்டத்திலும் குடிமகன் மேல் மிகவும் அக்கறை காட்டும் இடம் அதுதான். நீங்கள் மனுவைத் தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டீர்கள் என்றால், அது எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. 5 நாளுக்குள் அவர்களே உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்பி, உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். எந்த வேலை யாருடையது என்று கண்டுபிடிக்கும் சுமையைச் சட்டம் குடிமகன் தோளிலிருந்து இறக்கி அலுவலகத்தின் தோளில் வைக்கிறது. தகவல் மனுவுக்கு இருக்கும் இந்த உரிமை பொங்கும் சாக்கடைக்கு இல்லை. 1913 எண்ணில் 'அது மெட்ரோ வாட்டருங்க, அங்கே சொல்லுங்க' என்றால் அத்தோடு பேச்சு முடிந்தது.

பலகைகளைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் எந்த அரசு அலுவலகத்துக்குப் போனாலும் பளிச்சென்று தமிழில், எண்களோடு படிக்கும்படி இருப்பது பெரும்பாலும் ஒரே பலகைதான்: லஞ்சம் கேட்டால் யாரிடம் புகார் கொடுப்பது என்று லஞ்ச ஒழிப்புத் துறை வைக்கச் சொன்ன பலகை. அந்த அலுவலகத்தின் சொந்த அதிகாரியைத் தொடர்புகொள்ளும் எண் அவ்வளவு தெளிவாக எங்கும் எழுதியிருக்காது. கண்டிப்பான உத்தரவு போட்டால் பலகை வருகிறது என்பதற்கு இதுவே சாட்சி.

கவுன்சிலரை விட்டுவிட்டுப் பேசினால் இந்தக் கணக்கு முழுமையாகாது. செயலியும் குறு எண்ணும் தெரியாத வீடுகளில் இன்றும் 'கவுன்சிலரைப் பாரு' என்பதுதான் முதல் பதில். அவருக்கு ஏ.இ.யும் தெரியும், டிப்போவும் தெரியும், லாரிக்காரரும் தெரியும். கட்சிக்காரர், அடுத்த தேர்தலில் ஓட்டு வேண்டும் என்கிற கணக்கெல்லாம் அதில் இருந்தாலும் ஆள் கண்ணுக்கு முன்னால் இருக்கிறார். 2016 அக்டோபரில் மாமன்றத்தின் காலம் முடிந்து, 2022 பிப்ரவரியில் தேர்தல் நடக்கும்வரை ஐந்து வருடத்துக்கும் மேல் சென்னையில் கவுன்சிலரே இல்லை. தனி அலுவலர் ஆட்சி. கேட்க ஆளில்லாத அந்தக் காலம் எப்படி இருந்தது என்று வியாசர்பாடியிலோ கண்ணகி நகரிலோ கேட்டால் சொல்வார்கள்.

சென்னையில் கற்றது மற்ற ஊர்களில் உதவுமா? பாதிதான். மின்சாரம், 108, 1100 எல்லாம் மாநிலத்துக்குப் பொது. ஆனால் ஒரு நகரத்துக்கென்றே தனிக் குடிநீர் வாரியம் என்பது சென்னைக்கு மட்டும். மதுரையில் குடிநீரும் சாக்கடையும் மாநகராட்சியின் பொறுப்பு. கோயம்புத்தூரில் குடிநீர் விநியோகத் திட்டம் ஒரு தனியார் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் இப்போது 25 மாநகராட்சிகள். அவற்றில் அண்மையில் தரம் உயர்ந்த ஊர்களில் நகராட்சிக் காலத்துப் பலகையும் எண்ணும் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கலாம். ஊர் மாறிப் போகிறவர்கள் முதல் வாரமே சொத்து வரி ரசீதையும் மின் கட்டண ரசீதையும் எடுத்து எண்களைக் குறித்துக்கொள்வது நல்லது. வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்க வேண்டும், தயங்கத் தேவையில்லை.

நான் பார்த்தவரை வசதிகளைப் பெருக்குவதில் குறையில்லை. 'நம்ம சென்னை' செயலி வந்தது. 2025-ல் வாட்ஸ்அப் சேவையும் வந்தது. ஒவ்வொன்றும் நல்லதுதான். ஆனால் கைப்பேசியில் தட்டச்சு செய்யத் தெரிந்தவருக்குக் கதவுகள் கூடிக்கொண்டே போகின்றன. தெரியாத மூதாட்டிக்கு அதே ஒரு கதவுதான், அதுவும் 'இணைப்பில் காத்திருக்கவும்' என்கிறது. பெருமழை நாட்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் அழைக்கும்போது அதுவும் அடைத்துக்கொள்ளும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கைப்பேசிக் கோபுரங்களே செயலிழந்தபோது, எந்த எண் இருந்தும் உதவவில்லை. பக்கத்துத் தெருவில் அலுவலகம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் நடந்துபோனார்.

ஆகவே மாநகராட்சியிடமும் குடிநீர் வாரியத்திடமும் கேட்பது இரண்டே. புதிய செயலி வேண்டாம். ஒன்று, சொத்து வரி ரசீதிலும் குடிநீர் வரி ரசீதிலும் அந்தந்த வட்டத்துப் பொறியாளரின் நாற்காலி எண்ணையும் வட்ட அலுவலக முகவரியையும் தமிழில் அச்சிடுங்கள். ரசீது எப்படியும் அச்சாகிறது; கூடுதல் செலவு இரண்டு வரி மைதான். இரண்டு, 1913-க்கு வரும் புகார் வேறு துறையுடையது என்றால் அழைத்தவரை அலைய விடாமல் அங்கேயே பதிவு செய்து, மாற்றி அனுப்பி, புகார் எண்ணைக் கொடுங்கள். தகவல் மனுவுக்கு இருபது ஆண்டுகளாக அரசு அலுவலகங்கள் செய்துவருவது அதுதான்.

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியது: உங்கள் மண்டலம், வட்டம், மின் இணைப்பு எண், மூன்று துறைகளின் உதவிப் பொறியாளர் எண்கள் இவற்றை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, குடியிருப்பின் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். கீழே தேதி போட மறக்காதீர்கள்.